எதிர்ப்பக்கம் நடந்தவர்

தம்பி,

நீ போனில் சொன்னபடி கூடத்துச் சுவரில் இருந்த மூன்று படங்களையும் கழற்றியாகிவிட்டது. கழற்றியது நான் இல்லை. உன் அப்பாவே ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொன்றாக இறக்கி, துண்டால் துடைத்து, என் பழைய புடவையில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார். தாடிக்காரர்கள் இருவர், மொட்டைத் தலைக்காரர் ஒருவர். அந்த முதல் தாடிக்காரரை யாரோ வடநாட்டுச் சித்தர் என்று நினைத்து நம் பால்காரர் இத்தனை வருஷமாகக் கும்பிட்டுவிட்டுப் போவது உனக்குத் தெரியும். "சாமியார் எங்கம்மா, காணோம்?" என்று இன்று காலையில் கேட்டார். "யாத்திரை போயிருக்காருபா" என்றார் உன் அப்பா உள்ளே இருந்து. உன் வருங்கால மாமியாரையும் இப்படி ஏமாற்ற முடியும் என்றால் படங்களை எடுக்கவே வேண்டியிருந்திருக்காது. ஆனால் புடாபெஸ்ட்காரர்களுக்கு அந்தத் தாடியை நன்றாக அடையாளம் தெரியும்.

தை மாதம் ஈவாவும் அவள் அம்மா மார்த்தாவும் இங்கே வருகிறார்கள், நம் வீட்டிலேயே தங்குகிறார்கள், கல்யாணம் காஞ்சிபுரத்தில் நடக்கிறது. சந்தோஷம்தான். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது என்று முன்பே சொல்லிவிட்டேன். படங்களைக் கழற்றச் சொன்னது உன் முதல் வேண்டுகோள். இரண்டாவதாக ஒன்று கேட்டாய். அவர்கள் இருக்கும் வரை அப்பா தினமும் நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு கோயில் அர்ச்சகர் மாதிரி இருக்க வேண்டும், சங்கத்து ஆட்கள் யாரும் வீட்டுப் பக்கம் வரக் கூடாது. "பத்து நாள்தானேம்மா. புடாபெஸ்ட்டுல பண்ணாருல்ல, அதேதான்" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. லைன் சரியில்லை என்று நீ நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. பதிலை எழுதிச் சொல்கிறேன். வரலாறு நடத்தியே வயதானவள் நான். உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து சொல்வேன், உதாரணம் இல்லாமல் எதையும் முடிக்க மாட்டேன். பொறுத்துப் படி.

போன சித்திரையில் நீ எங்களை அங்கே அழைத்தபோது உன் அப்பா எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. வாழ்நாள் முழுக்கத் தறிக்கும் நெசவாளர் சங்கத்துக்கும் நடுவில் ஓடியவர். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, சிவப்புக்கொடி பறந்த அந்த நாடுகளுக்குப் போகும் தூதுக்குழுவில் நம் ஊர்ச் சங்கத்தின் சார்பில் அவர் பெயர்தான் முடிவாகியிருந்தது. அந்த வாரம் உனக்கு மஞ்சள் காமாலை. பக்கத்துக் கூரம் கிராமத்துத் தோழர் ஒருவர் அவருக்குப் பதிலாகப் போய்வந்து, சின்னச் சிவப்பு நட்சத்திரம் பதித்த சட்டைப் பின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பின்னைத்தான் உன் அப்பா விமானத்தில் குத்திக்கொண்டு வந்தார். புடாபெஸ்ட் விமான நிலையத்தில், எங்களைக் கட்டிப்பிடிப்பதற்கு முன்னாலேயே, நீ அதைக் கழற்றினாய். "இந்த நட்சத்திரத்துக்கு இங்க தடை, குத்தினா கேஸ் போடுவாங்கப்பா" என்று உன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாய். இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. அவர் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாளே ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக்கு எங்களைக் கூட்டிப் போனாய். பழைய கம்யூனிஸ்ட் ஆட்சி போனதும் நகரத்து முச்சந்திகளில் நின்ற சிலைகளையெல்லாம் பிடுங்கிக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் மொட்டைத் தலைக்காரரின் தலையையே மெழுகுவத்தியாகச் செய்து விற்றார்கள். நீ ஒன்று வாங்கி அப்பா கையில் கொடுத்து, "கரண்ட் போனா ஏத்திக்கலாம் நைனா" என்றாய். சின்ன வயதில் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாய். கல்லூரிக்குப் போனதும் அப்பா ஆக்கினாய். அன்றைக்குக் கிண்டலுக்காக மட்டும் அந்த வார்த்தை திரும்பி வந்தது. பிறகு ஒரு பெரிய சிலையின் கீழே அவரை நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லிப் படம் எடுத்தாய். "உன் சாமிங்க எல்லாம் இங்கதான் கொட்டி வச்சிருக்காங்க, நல்லா பாத்துக்கோ" என்றாய்.

அவர் உடைந்துபோவார் என்று நீ காத்திருந்தாய். நானும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ ஒரு சிலையின் காலைத் தட்டிப் பார்த்து, "நல்ல வெண்கலம். உருக்காம வச்சிக்கினு இருக்கானுங்களே, அதுவே பெருசு" என்றார். பின்னமான விக்கிரகத்தைக் கோயிலில் ஓர் ஓரமாக எடுத்து வைப்பார்களே, பூஜை கிடையாது, ஆனால் யாரும் காலால் உதைக்கவும் மாட்டார்கள், அப்படிப் பார்த்தார். பஸ்ஸுக்கு நடக்கும்போதுதான் உன்னிடம் கேட்டார். "இவங்க இங்க நெஜமாவே ஜனங்கள சுட்டாங்களாடா?" நாளைக்குக் காட்டுகிறேன் என்றாய்.

காட்டினாய். ஈவாவின் அம்மா இருக்கும் தெருவிலேயே ஒரு பழைய கட்டடத்தின் சுவர் முழுக்கத் துப்பாக்கிக் குண்டுத் துளைகள், அம்மைத் தழும்பு மாதிரி. ஜனங்கள் ஆட்சிக்கு எதிராக எழுந்து நின்றதும், டாங்கிகள் வந்து அடக்கியதும், பிறகு வீடு வீடாக ஆட்களைப் பிடித்துப் போனதும் நீ சொல்லச் சொல்ல, அவர் ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று. எதிர்க் கட்டடத்தின் உச்சியில் நட்சத்திரத்தைப் பெயர்த்தெடுத்த இடம், மற்ற சுவரைவிட வெளுப்பாக, ஐந்து முனையோடு அப்படியே தெரிந்தது. அதை எங்களுக்குக் காட்டியவர் அவர்தான். "இதெல்லாம் அப்பவே பேப்பர்ல வந்துது டீச்சர். முதலாளிங்க பேப்பர், பொய்யி எழுதறான்னு நான்தான் மேடை மேடையா சொன்னேன்" என்றார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். உன்னைப் பார்த்துச் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

அன்று மாலை உன் சமையலறையில் உட்கார்ந்து என்னிடம் ஒன்று கேட்டார். மார்த்தாவின் அப்பாவையும் அந்த ஆட்கள் பிடித்துப் போனார்கள் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, அந்த அம்மாளிடம் தன் வாயாலேயே ஒன்று சொல்ல வேண்டும், இங்கிலீஷில் சொல்லிக்கொடு என்றார். மூன்று சின்ன வாக்கியங்கள். நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன். உங்களுக்கு நடந்ததை நான் நம்பவில்லை. மன்னியுங்கள். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வாய்க்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தார். அப்போதுதான் நீ வேலை முடிந்து வந்தாய்.

உன் முகம் வெளுத்ததை மறக்க மாட்டேன். "அய்யய்யோ, அதெல்லாம் வேணாம். கம்யூனிஸ்ட்னா அந்தம்மா வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க. நான் வேற சொல்லி வச்சிருக்கேன்" என்றாய். என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று கேட்டோம். கோயில் அர்ச்சகர் என்றாய். காஞ்சிபுரம் கோயில் ஊர் என்று ஈவா எங்கோ படித்திருக்கிறாள், அவள் அம்மா பக்தி உள்ளவள், கேட்டபோது உன் வாயில் அதுதான் வந்ததாம். உன் அப்பா சிரித்துவிட்டார். "டேய், எனக்கு ஒரு சுலோகம் தெரியுமாடா?" என்றார். "பேசாம இருந்தா போதும்பா. ஜஸ்ட் ஒரு லன்ச். அம்மா, நீ கொஞ்சம் சொல்லும்மா" என்றாய்.

அந்த இடத்தில் நீ யோசித்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. என் அப்பா சின்னக் காஞ்சிபுரத்தில் பெருமாள் கைங்கரியத்தில் இருந்த அர்ச்சகர். நான் தறிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக என்னைத் தலைமுழுகியவர். நீ பிறந்ததும் உன்னைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலுக்குப் போனோம். "குழந்தையும் நீயும் உள்ள வரலாம். அந்த ஆள் அங்கேயே நிக்கட்டும்" என்றார். உன் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் தெருவைக் கடந்து எதிரே இருந்த சோடாக் கடைப் பக்கம் போய் நின்றார். நான் உள்ளே போகாமல் திரும்பி நடந்தேன். இது உனக்குத் தெரிந்த கதை. எந்த மனிதர் உன் அப்பாவை வாசலில் நிறுத்தினாரோ, அந்த மனிதரின் வேஷத்தை எடுத்து உன் அப்பாவுக்கு மாட்டினாய். உலகத்தில் வேறு எத்தனையோ வேலை இருக்கிறது. தபால்காரர் என்று சொல்லியிருக்கலாம்.

ஆனால் நாமத்தை இட்டது நான்தான். உன் கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று காலையில் குளித்துவிட்டு நானே கரைத்து, நானே இட்டேன். எனக்கு அது தினமும் கும்பிடுகிற பெருமாளின் பாதம். அவருக்கு அது நெற்றியில் ஒட்டிய ஈரம். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "உங்கப்பாரு மாதிரியே இருக்கேனா டீச்சர்?" என்று கேட்டார். நீ, "செம மேட்ச்" என்றாய்.

மார்த்தாவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் இதில் இன்னும் கொடுமை. அர்ச்சகர் வருகிறார், மாமிசம் சமைத்த பாத்திரம் கூடாது என்று யாரோ சொல்லி, புதிதாக ஒரு வாணலியும் கரண்டியும் வாங்கி வைத்திருந்தாள். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கடைசியில் சர்க்கரையும் கசகசாவும் தூவிய நூடுல்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாவிட்டால் முகம் தூக்கி வைத்துக்கொள்கிறவர், தலையைக் குனிந்து எல்லாவற்றையும் சாப்பிட்டார். அவள் திரும்பத் திரும்பப் பரிமாறினாள். அவருடைய மௌனத்தைப் பார்த்து, இவ்வளவு அமைதியான மனிதரைத் தான் பார்த்ததில்லை என்று ஈவாவிடம் சொன்னாள். நாலாயிரம் பேர் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசியவர் என்று சொல்ல என் நாக்கு துடித்தது.

அதற்குப் பிறகு அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவள் தன் பாஷையில் சொல்ல, ஈவா இங்கிலீஷில் சொல்ல, நான் உன் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். நீயும் அங்கேதான் இருந்தாய், ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாய். காதில் விழுந்ததா என்று தெரியாது. அதனால் மறுபடி எழுதுகிறேன். அவள் அப்பா ஜெயிலிலிருந்து திரும்பிய பிறகு எங்கேயும் வேலை கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவரின் பிள்ளை என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் மேலே படிக்க விட மாட்டார்கள் என்று, அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லும்படி வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் திடீரென்று மழை. அவர் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். யார் அது என்று டீச்சர் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் என்று மார்த்தா சொன்னாள். அவர் காதில் அது விழுந்தது. குடையை அவள் கையில் கொடுத்தார், டீச்சருக்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார், நனைந்துகொண்டே போய்விட்டார்.

"வீட்டுக்கு போனதும் அவரு இன்னா சொன்னாருன்னு கேளு டீச்சர்" என்றார் உன் அப்பா. சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. நான் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றாள் மார்த்தா. அதைப் பற்றிக் கடைசிவரை பேசவே இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு தெருவில் அவளைத் தூரத்தில் பார்த்தால் அவராகவே எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவாராம். மறுபடி அவளுக்கு அந்தப் பொய்யைச் சொல்ல நேரக் கூடாது என்று. "என் அப்பாவை அடித்ததை மன்னித்துவிட்டேன். ஜெயிலில் போட்டதையும் மன்னித்தேன். என்னை அப்படிச் சொல்ல வைத்தார்களே, அதை மன்னிக்க மாட்டேன்" என்றாள். இதை நான் தமிழில் சொல்லி முடித்தபோது உன் அப்பா உன்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. உனக்கு ஜுரம் அடிக்கிறபோது பார்ப்பாரே, அப்படி. நீ ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். நீ உள்ளே இருந்த அந்த ஒரு நிமிஷத்தில் அவர் அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லியிருக்க முடியும். வாயைத் திறந்தும் விட்டார். பிறகு நீ போன வழியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கிளம்புகிற நேரத்தில் மார்த்தா தன் மகளை ஆசீர்வதிக்கச் சொன்னாள். ஈவா அவர் முன்னால் வந்து மண்டியிட்டாள். நீ கையைப் பிசைந்தாய். உன் அப்பா அவள் தலையில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ராகம் மாதிரி இழுத்து ஆரம்பித்தார். "பிள்ளையார்பாளையம் கன்னியப்பன்... ஏகாம்பரம்... காதர் பாஷா... குள்ள சுப்பராயன்... வெங்கடேசலு... பாவு ஓட்டற தேவராஜி..." கூலி உயர்வுப் போராட்டத்தில் அவரோடு வேலூர் ஜெயிலில் இருந்தவர்களின் பெயர்கள். பாதிப் பேர் இப்போது இல்லை. ஒருவரையும் விடாமல் சொன்னார். மார்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். கடவுளின் பெயர்கள் என்று நீ சொன்னாய்.

டிராமில் வரும்போது நீ பெரிய பாரம் இறங்கியவன் மாதிரி இருந்தாய். "அப்பா, சூப்பர். அந்த மந்திரத்த எங்க கத்துக்கினே?" என்றாய். "ஜெயில்ல" என்றார். நீ சிரித்தாய். அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். எச்சில் தொடாமல் துடைத்தார், பெருமாளுக்கு மரியாதையாக, எனக்காக.

உன் பக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா சங்கம் சங்கம் என்று ஓடியதில் உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. வேலைநிறுத்த மாதங்களில் கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டுப் பரீட்சைக்குப் போனாய். அந்தக் கோபம் நியாயம். அதை அவரிடம் நேராகச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம், அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார், இரண்டு பேருக்கும் நல்லதாக இருந்திருக்கும். நீ அப்படிச் செய்யவில்லை. சிரித்துக்கொண்டே செய்தாய். ஒரு வகுப்பில் அடிக்கிற பையன்களை நான் திருத்தியிருக்கிறேன். அடிபட்டவன் தோளில் கை போட்டுச் சிரிக்கிற பையனை என்ன செய்வது என்று கடைசிவரை எனக்குத் தெரிந்ததில்லை.

இப்போது உன் இரண்டாவது வேண்டுகோள். அதை அவரிடம் சொன்னேன். படங்களைச் சுற்றி வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். "நாமம்லாம் வேணாம் டீச்சர். அது உன் சாமி. அதுல நான் ஒரு தபா வெளையாடினதே போதும்" என்றார். பிறகு, ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தவர் மாதிரி சொன்னார். "திருமுக்கூடல்ல தோழர் வீடு காலியாத்தான் இருக்குது. அவங்க வரதுக்கு மொத நாளு நான் அங்க போயிடறேன். கல்யாணம் முடிஞ்சி அவங்க ஊருக்கு போனதும் வரேன். அர்ச்சகரு எங்கன்னு கேட்டா யாத்திரை போயிருக்காருன்னு சொல்லிடுங்க." தாலி கட்டுகிறபோதுகூட இருக்க மாட்டீர்களா என்று கேட்டேன். "அவனுக்கு சங்கடம் டீச்சர்" என்றார். அவ்வளவுதான். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

மார்த்தாவின் அப்பா எந்தப் பக்கம் நடந்தாரோ, அந்தப் பக்கம் உன் அப்பாவும் நடக்கத் தயாராகிவிட்டார். அங்கே ஓர் அரசாங்கம், போலீஸ், டாங்கி எல்லாம் சேர்ந்து செய்த வேலையை இங்கே நீ தனி ஆளாக, ஒரு போன்காலில் முடித்துவிட்டாய்.

நான் ஈவாவுக்கு எதுவும் எழுத மாட்டேன். உன் பொய்யை உடைப்பது என் வேலை இல்லை. நீயே மார்த்தாவிடம் போய், என் அப்பா அர்ச்சகர் இல்லை, நெசவாளர், கம்யூனிஸ்ட், உங்களிடம் சொல்ல ஒன்று வைத்திருக்கிறார் என்று சொல்லலாம். சொன்னால் கல்யாணம் நிற்காது என்று உனக்கு நான் உறுதி தர முடியாது. நின்றாலும் நிற்கலாம். அவள் பட்டது அப்படி. அந்த மூன்று வாக்கியங்கள் அவருக்கு இன்னும் மனப்பாடம். மாலையில் முகம் கழுவும்போது வாய் அசைகிறது, நான் பார்க்கிறேன்.

நீ சொல்லாவிட்டால், அவர் திருமுக்கூடல் பஸ் ஏறுகிற அன்றைக்கு நானும் ஏறுவேன். என் அப்பா வீட்டு வாசலில் அவர் தெருவைக் கடந்துபோய்த் தனியாக நின்றதைப் பார்த்தவள் நான். இன்னொரு தடவை அவரை அங்கே தனியாக நிற்க விட மாட்டேன். வீட்டுச் சாவி எதிர் வீட்டில் இருக்கும். கல்யாணப் புடவை அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது, ஈவாவுக்கு என்று உன் அப்பா தன் கையாலேயே நெய்தது. அதை மட்டும் கடையில் வாங்கியது என்று சொல்லிவிடு, அர்ச்சகருக்குத் தறி ஓட்டத் தெரியாது.

படங்கள் இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாகத் தெரிகிறது. சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மார்த்தா தெருவின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து வளர்ந்தவள். எங்களை எங்காவது தூரத்தில் பார்த்து அது உன் அப்பா அம்மாதானே என்று உன்னைக் கேட்டால், இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று சொல். அந்த வார்த்தை அவளுக்குப் புரியும்.